பாதாமியில் ஒரு கடினமான பாதையை விழாமல் ஏறி முடிக்க

கர்நாடகத்தின் பாதாமியில், சிவந்த மணற்கல் பாறையில் 7ஏ+ தரத்தில் (பாறையேற்றத்தின் பிரெஞ்சு அளவுகோலில் கடினமானது) ஒரு பாதை. கயிறு மாட்டப் பாறையில் பதித்த ஒன்பது போல்ட், உச்சியில் சங்கிலி. தரையிலிருந்து சங்கிலி வரை ஒருமுறைகூட விழாமல், கயிற்றில் தொங்காமல் அதை ஏற எனக்கு மூன்று குளிர்காலங்களும் இருபத்திரண்டு முயற்சிகளும் ஆயின. கையில் பலம் போதவில்லை என்று நினைத்து முதல் வருடம் முழுக்க வீட்டில் நிலைப்படியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். பாதை எனக்கு மனப்பாடமாகவில்லை என்பது இரண்டாம் வருடம்தான் புரிந்தது.

இதைவிடச் சுலபமான 6பி பாதைகளை நிதானமாக லீட் செய்கிறவர்களுக்காக (கீழிருந்து ஒவ்வொரு போல்ட்டிலும் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறுவது லீட்) இதை எழுதுகிறேன். முடிச்சும் பிலேயும் (ஏறுகிறவரின் கயிற்றைக் கீழே நின்று பிடித்துக் காப்பது) இன்னும் கைக்குப் பழகவில்லை என்றால், தெரிந்த ஒருவரோடு நின்று முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். படித்துக் கற்கிற விஷயம் இல்லை அது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். பெங்களூரில் இரவு ரயில் ஏறினால் காலையில் பாதாமி. மழை பெய்திருந்தால் பாறையைத் தொடாதீர்கள். மணற்கல் வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் பிடித்து வைத்திருக்கும். ஈரமான மணற்கல்லுக்கு வலு குறைவு, பிடி உடைந்து கையோடு வந்துவிடும். இரண்டு நாளாவது காத்திருங்கள்.

முதல் நாள் உச்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு போல்ட் ஏறுங்கள், குயிக்டிராவில் (போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் இரட்டைக் கொக்கி) கயிற்றை மாட்டுங்கள், "டேக்" என்று கயிற்றை இறுக்கச் சொல்லி உட்காருங்கள். அங்கே தொங்கியபடி அடுத்த இரண்டு மீட்டரைத் தடவிப் பாருங்கள். எந்தக் கை, எந்தக் கால், எங்கே நின்று கயிறு மாட்டுவது என்ற மூன்றும் தெரிந்த பிறகு அடுத்த போல்ட். கீழே வந்ததும் எழுதி வையுங்கள். என் நோட்டில் ஐந்தாம் போல்ட்டுக்கு நேரே இப்படி இருக்கிறது: "இடக்கை சாய்ந்த விளிம்பு, கட்டைவிரல் அடியில். வலக்கால் கறுப்புக் கோட்டுக்குக் கீழே. மூச்சு விடு. பிறகு மாட்டு."

என் பாதையின் கிரக்ஸ், அதாவது மிகக் கடினமான இடம், ஆறாவது போல்ட்டுக்கும் ஏழாவதுக்கும் நடுவில். இடக்கைக்கு விரல் நுனி பாதி மட்டும் அமரும் ஒரு கிரிம்ப், அதாவது சிறு விளிம்புப் பிடி. வலக்கை போய்ச் சேர வேண்டிய குழி ஒரு முழம் மேலே. தாவித் தாவிப் பதினோரு முறை விழுந்தேன். பிலே செய்துகொண்டிருந்த தம்பி கீழேயிருந்து கத்தினான்: "அக்கா, கையை மறந்துடுங்க. வலது கால் எங்க இருக்குன்னு பாருங்க!" பார்த்தேன். கால் தொடை உயரத்தில் இருக்க வேண்டியது, முழங்கால் உயரத்தில் இருந்தது. அரை ரூபாய்க் காசு அளவு ஒரு மேட்டில் ஷூவின் வெளி ஓரத்தை வைத்து, முழங்காலை உள்பக்கம் திருப்பிக் கீழே இறக்கினேன். இடுப்பு பாறையில் ஒட்டியது. எடை முழுக்கக் காலுக்குப் போய்விட்டதால் இடக்கை லேசானது, வலக்கை தாவாமலே குழிக்குள் நுழைந்தது. ஓர் அசைவு கிடைக்கவில்லை என்றால் முதலில் காலை மாற்றிப் பாருங்கள், அப்புறம் இடுப்பை. பிடியைக் குறை சொல்வது கடைசியில்.

கயிறு மாட்டும் இடத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். பயத்தில் எல்லோரும் தலைக்கு மேலே எட்டி மாட்டுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு போல்ட்டுக்கு நடுவே 3 மீட்டர். இடுப்பு புதிய போல்ட்டின் உயரத்துக்கு வந்த பிறகு மாட்டும்போது விழுந்தால், பழைய போல்ட்டுக்கு 3 மீட்டர் கீழே போவீர்கள். ஒரு மீட்டர் கீழேயே நின்று எட்டி மாட்டும்போது கை நழுவினால், இழுத்து வைத்த கயிறும் சேர்ந்து 4 மீட்டர் கீழே போவீர்கள். கயிறு இழுபடுவது இதற்கு மேல். உயரத்தில் அந்த ஒரு மீட்டர் பெரிதில்லை. இரண்டாவது, மூன்றாவது போல்ட்டில் அது தரையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இன்னொன்று, கயிறு எப்போதும் காலுக்கு முன்னால் இருக்கட்டும். எட்டாவது போல்ட்டுக்கு மேலே ஒருமுறை என் இடது கணுக்காலுக்குப் பின்னால் கயிறு போனதை நான் கவனிக்கவில்லை. விழுந்தபோது காலை வாரித் தலைகீழாகப் புரட்டியது. ஹெல்மெட்டின் பின்பக்கம் விரிசல், முதுகில் ஒரு சாண் சிராய்ப்பு. ஹெல்மெட் இல்லாமல் லீட் செய்யாதீர்கள்.

அசைவுகள் எல்லாம் தெரிந்த பிறகு மேலிருந்து கோர்க்க வேண்டும். ஏழாவது போல்ட்டில் தொங்கி, அங்கிருந்து உச்சிவரை விழாமல் ஏறுங்கள். அடுத்து ஆறிலிருந்து, பிறகு நான்கிலிருந்து. நிஜ முயற்சியில் உச்சிப் பகுதிக்கு வரும்போது முன்கை இறுகி, மூளை வேலை செய்யாது. அதனால் அந்தப் பகுதிதான் தூக்கத்திலும் வரும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

நல்ல பிடி இருக்கும் இடத்தில் ஓய்வெடுங்கள். ஒரு கையைத் தொங்கவிட்டு உதறி, பிறகு தலைக்கு மேலே தூக்கி, மறுபடி தொங்கவிட்டுக் கை மாற்றுங்கள். எனக்கு நான்காவது போல்ட்டில் இருபது மூச்சு.

இப்படி உழைத்து, விழாமல் லீட் செய்து முடிப்பதை ரெட்பாயின்ட் என்பார்கள். ஜெர்மனியின் பிராங்கன்யூரா பாறைகளில் குர்ட் ஆல்பர்ட் 1975 வாக்கில் தொடங்கிய வழக்கம் இது. போல்ட்டைப் பிடிக்காமல், கயிற்றில் தொங்காமல் ஏறி முடித்த பாதையின் அடியில் அவர் ஒரு சிவப்புப் புள்ளி வரைந்து வைப்பார்.

ரெட்பாயின்ட் நாளில் வெயில் பாறையில் படும் முன் தொடங்குங்கள். சூட்டில் விரல் வியர்த்து வழுக்கும். சுலபமான இரண்டு பாதைகளில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குயிக்டிராக்கள் முன்பே தொங்கலாம், தப்பில்லை. விழுந்தால் 45 நிமிடம் முழுசாக உட்காருங்கள். ஒரு நாளுக்கு மூன்று முயற்சி போதும்.

சங்கிலியில் மாட்டியதும் வருகிற சந்தோஷத்தில் கவனம் சிதறும். தரையில் இருக்கும்போதே பிலே செய்பவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் உங்களை இறக்க வேண்டுமா, நீங்களே கயிற்றில் இறங்குவீர்களா என்று. மேலே கயிற்றை அவிழ்த்து வளையத்தில் கோர்ப்பதாக இருந்தால், அவிழ்க்கும் முன் உங்களைச் சங்கிலியோடு பிணைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் மறுமுனையில் ஒரு முடிச்சு ஏறும் முன்பே போட்டிருக்க வேண்டும். அது இருந்தால், கயிறு நீளம் பத்தாவிட்டாலும் முனை பிலே கருவியை விட்டு நழுவாது.

இறங்கும்போது ஒவ்வொரு குயிக்டிராவையும் கழற்றிக்கொண்டே, அடையாளத்துக்குப் போட்ட சாக் (கையில் பூசும் வெள்ளைத் தூள்) கோடுகளைத் துலக்கி அழித்துவிடுங்கள். பக்கத்திலேயே இதே மணற்கல்லில்தான் சாளுக்கியர்கள் குகைக்கோயில்களைக் குடைந்திருக்கிறார்கள். அங்கே வந்துபோகிறவர்கள் கண்ணில் நம் வெள்ளைக் கோடுகள் பட வேண்டாம். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று ஹார்னஸில் (இடுப்பில் கட்டும் பட்டையில்) தொங்கினால் போதும், பத்து நிமிட வேலை.