மட்டிக்கு முன்பக்கம் எது? டோனாக்ஸைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

அலை ஏறி வந்து பின்வாங்கும் அந்த இரண்டு மூன்று நொடியில் ஈர மணலைப் பாருங்கள். வெள்ளை, ஊதா, மஞ்சள், பழுப்பு என்று விரல்நகம் போன்ற சிறு மட்டிகள் மணலுக்கு வெளியே கிடக்கும். நாம் குனிவதற்குள் ஒவ்வொன்றும் செங்குத்தாக நிமிர்ந்து உள்ளே இறங்கிவிடும். டோனாக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை இவை. பெரும்பாலும் இரண்டு மூன்று செ.மீ. நீளம்தான். ஓடு ஆப்பு வடிவில் இருக்கும்.

விலங்கியல் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த ஓட்டைக் கொடுத்து, முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மாற்றித்தான் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் வரைந்தேன். இந்த ஒரு தவறு தனியாக நிற்பதில்லை. முன்னும் பின்னும் மாறினால் இடது ஓடு வலது ஓடாகிவிடும், தசைத் தழும்புகளின் பெயர்கள் மாறும், நீரை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உதவும் நீர்க்குழல்கள் இருக்க வேண்டிய இடத்தில் பாதத்தை வரைந்துவிடுவோம்.

குழப்பத்துக்கு நியாயமான காரணம் உண்டு. பல மட்டிகளில் உச்சிக்குமிழுக்கு, அதாவது ஓட்டின் முதுகுப்புறத்தில் புடைத்து நிற்கும் நுனிக்கு, முன்னால் உள்ள பகுதி குட்டை, பின்னால் உள்ளது நீளம். குமிழின் நுனியும் முன்பக்கம் சாய்ந்திருக்கும். பாடநூல்கள் இதையே அடையாளமாகச் சொல்கின்றன. டோனாக்ஸில் இரண்டுமே தலைகீழ். நீண்டு கூம்பிய பக்கம்தான் முன்பக்கம். வெட்டிவிட்டது போலக் குட்டையாக நிற்பது பின்பக்கம். குமிழும் பின்னோக்கியே சாய்ந்திருக்கிறது. இந்த விலங்கு வாழும் விதத்தை நினைத்தால் இதில் வியப்பு இல்லை. பாதம் முன்பக்கமாக வெளிவந்து மணலைத் துளைக்கிறது. அதன் நுனி உடல் திரவத்தால் புடைத்து நங்கூரம்போல் பிடித்துக்கொள்ள, தசைகள் சுருங்கி ஓட்டைக் கீழே இழுக்கின்றன. அதே நேரம் ஓடுகள் சட்டென்று மூடி, உள்ளிருக்கும் நீரைப் பீய்ச்சி மணலை இளக்குகின்றன. கூரிய முனை கீழே, மொட்டை முனை மேலே, ஆப்பு இறங்குவது போலத்தான்.

சரி, கையில் வெறும் ஓடு மட்டும் இருந்தால்? இரண்டு அடையாளங்களை நம்பலாம். முதலாவது இணைநார். இரண்டு ஓடுகளையும் முதுகுப்புறத்தில் சேர்த்துப் பிடிக்கும் பழுப்பு நிற நார் அது, உச்சிக்குமிழுக்குப் பின்னால், குட்டைப் பக்கத்தில் இருக்கும். வெயிலில் காய்ந்த ஓட்டில் அது உதிர்ந்திருக்கலாம். அப்போது ஓட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேன்டில், அதாவது உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல், ஒட்டியிருந்த கோடு விளிம்புக்கு இணையாக ஓடி, ஓரிடத்தில் ஆழமாக உள்வாங்கி வளையும். நீர்க்குழல்கள் உள்ளிழுக்கப்படும் இடம் அந்த வளைவு. அது எந்தப் பக்கம் திறக்கிறதோ அதுதான் பின்பக்கம். இதைத் தீர்மானித்துவிட்டால் உச்சிக்குமிழை மேலே வைத்து, முன்பக்கத்தை நமக்கு எதிர்த்திசையில் நீட்டிப் பிடித்தால் போதும். இடக்கைப் பக்கம் இருப்பது இடது ஓடு.

உடலுக்குள் போனால் அடுத்த தவறு வாயைப் பற்றியது. நீர் உள்ளே வரும் குழல் பின்பக்கம் இருப்பதால் வாயையும் அங்கேயே தேடுகிறார்கள். வாய் முன்பக்க மூடுதசைக்கு அருகில் இருக்கிறது. பின்னால் நுழையும் நீரைச் செவுள் வடிகட்டுகிறது. சிக்கிய நுண்ணுணவு சளியோடு சேர்ந்து செவுளின் விளிம்பு வழியே முன்னோக்கி நகர்ந்து, வாயின் இருபுறமும் உள்ள இதழ்களை அடைகிறது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகே வாய்க்குள் போகிறது. ஆக, செவுள் மூச்சுக்கு மட்டும் என்று எழுதுவது பாதி உண்மைதான். இன்னொன்று: திறந்து பார்த்தால் நான்கு தகடுகள் தெரியும். உடனே "நான்கு செவுள்" என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்துக்கு ஒரு செவுள், ஒவ்வொன்றும் இரண்டு அரைச்செவுள்களால் ஆனது.

நீர் உள்ளே வரும் குழலையும் வெளியே போகும் குழலையும் ஒன்றாக ஒட்டிப்போன ஒரே குழலாக வரைவதும் உண்டு. டோனாக்ஸில் அவை இரண்டும் தனித்தனி. நீர் உள்வரும் குழலின் வாயில் கிளைவிட்ட உணரிகள் சல்லடைபோல் நின்று மணலைத் தடுக்கின்றன. புரளும் மணலில் வாழும் உயிருக்கு அது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். இரைப்பையை அறுக்கும்போது கண்ணாடிபோன்ற ஒரு சிறு கோல் வெளியே வரும். புழு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது ஒட்டுண்ணி அல்ல. சுழன்று சுழன்று தேய்ந்து, செரிமான நொதிகளை வெளியிடும் உறுப்பு. குடலின் கடைசிப் பகுதி இதயத்தின் நடுவே புகுந்து போவதைப் பார்த்து, ஏதோ தவறாக அறுத்துவிட்டோம் என்று பயப்படவும் வேண்டாம். இரட்டை ஓட்டு உயிரிகள் பெரும்பாலானவற்றில் அமைப்பே அப்படித்தான்.

வகைப்பாட்டில் நிறத்தை நம்புவது முதல் தவறு. ஒரே கைப்பிடி மணலில் கிடைக்கும் ஒரே இனம் ஐந்தாறு நிறங்களில், கோடுகளோடும் இல்லாமலும் இருக்கும். அமெரிக்கக் கரையின் ஓர் இனத்துக்கு வேரியாபிலிஸ், அதாவது மாறுவது, என்றே பெயர். ஓட்டின் உருவரை, மேற்பரப்பு வரிகள், பின்சரிவின் வடிவம், உள்விளிம்பு வழவழப்பா பல்போன்றதா, இரண்டு ஓடுகளும் முதுகுப்புறத்தில் பூட்டிக்கொள்ளும் கீல் பற்கள் எப்படி என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மணற்கரையில் டோனாக்ஸ் என்று தவறாகக் குறிக்கப்படும் இன்னொரு மட்டி அடாக்டோடியா. அதற்கும் பின்பக்கம் குட்டைதான். கீலைப் பாருங்கள். அடாக்டோடியாவில் பற்களுக்கு நடுவே ஒரு குழி இருக்கும், இணைநார் அதற்குள் அடங்கியிருக்கும். அது மெசோடெஸ்மாட்டிடே குடும்பம். டோனாக்ஸோ டோனாசிடே குடும்பம், டெல்லினாய்டியா என்ற பெருங்குடும்பம்.

அப்புறம் பெயர்கள். பைவால்வியா, பெலிசிபோடா, லாமெல்லிபிராங்கியா மூன்றும் ஒரே வகுப்புதான். இரு ஓடு, கோடரிப் பாதம், தகட்டுச் செவுள் என்று வெவ்வேறு உறுப்பைப் பார்த்து வைத்த பெயர்கள். பழைய நூல்களில் வெனிராய்டா என்ற வரிசையில் இருக்கும் டோனாக்ஸ், புதிய பட்டியல்களில் கார்டிடா வரிசையில் இருக்கும். மண்டபம் கரையோரத்தில் 1955-இல் நாகப்பன் நாயர் ஆய்வு செய்த டோனாக்ஸ் கியூனியேட்டஸ் இனத்தையும், 1966-இல் அழகர்சுவாமி எழுதிய டோனாக்ஸ் ஃபாபா இனத்தையும் இன்று லட்டோனா என்ற பேரினத்தின் கீழும் காணலாம். பழைய கட்டுரையையும் புதியதையும் சேர்த்துப் படிக்கும்போது இரண்டு வேறு உயிர்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

ஓட்டில் உச்சிக்குமிழ் அருகே அழகான வட்டத் துளை இருந்தால், மாலை கோக்க யாரோ போட்டது என்றோ இனத்தின் அடையாளம் என்றோ குறிக்காதீர்கள். சந்திர நத்தை துளைத்துத் தின்ற தடம் அது. துளையின் வெளிவிளிம்பு கிண்ணம்போல் சரிந்திருக்கும். வளர்ச்சி வளையம் ஒன்றுக்கு ஓர் ஆண்டு என்று கணக்கிடுவதும் இங்கே சரிவராது. உணவுக் குறைவு, வெப்பம், இனப்பெருக்கம் எதுவும் ஒரு வளையத்தை விட்டுச்செல்லும்.

மாதிரி சேகரித்தால் ஃபார்மலினில் நெடுநாள் போட்டு வைக்காதீர்கள். அது மெல்ல அமிலமாகி, சுண்ணாம்பால் ஆன ஓட்டை அரித்துவிடும். கீல் பற்களும் மேன்டில் கோடும் மங்கிப்போனால் அந்த மாதிரியால் பயனில்லை. உடலை ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். ஓட்டைக் கழுவி நிழலில் உலர்த்தி, இரண்டு பாதிகளையும் பிரிக்காமல் ஒரே பையில் போட்டு, எந்தக் கரை, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.