பிள்ளையை எந்த ஸ்கூல்ல சேர்க்கறது? கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து அமெரிக்கா கிளம்புகிறவர்களுக்கு

ஜூலையில் காவேரிப்பட்டணத்துக்கு வந்து இறங்கினால் இரண்டு பேச்சுதான். ஒன்று, இந்த வருஷம் மாங்காய் என்ன விலைக்குப் போனது. இன்னொன்று, "அக்கா, பிள்ளையை அங்கே எந்த ஸ்கூல்ல சேர்க்கறது?" ஓசூர், பர்கூர் பக்கமிருந்து கம்பெனி மாற்றலில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இப்போது நிறைய. இந்தத் தடவை மூன்று குடும்பம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரே கதையை நாலாவது ஆளுக்கும் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன். நாங்கள் இருப்பது நியூஜெர்சி. மற்ற மாநிலங்களில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்.

முதலில், ஸ்கூலைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் வீட்டு முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் பள்ளி. கட்டணம் இல்லை, நன்கொடை இல்லை, பெற்றோருக்கு இன்டர்வியூ இல்லை. ஒரே தெருவில் இடப்பக்க வீடுகளுக்கு ஒரு பள்ளி, வலப்பக்க வீடுகளுக்கு வேறொன்று என்றுகூட அமையும். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று பள்ளி மாவட்டத்தின் (அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, நம் கிருஷ்ணகிரி மாவட்டம் மாதிரி இல்லை) இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு வயதை வைத்துத்தான். இங்கே யு.கே.ஜி. முடித்த குழந்தையை அங்கே மறுபடியும் கிண்டர்கார்டனில் உட்கார வைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள், ஒரு வருஷம் நஷ்டம் என்று அங்கே யாரும் கணக்குப் போடுவதில்லை.

பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், மின்சார பில், தடுப்பூசி விவரம். இவ்வளவுதான் பெரும்பாலும். வீடு கிடைக்கும்வரை நண்பர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால், அவர் நோட்டரி முன் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். வேலை போய், வீட்டை விட்டு, உறவினரோடு ஒண்டியிருக்கும் நிலை வந்தாலும் பிள்ளையின் படிப்பு நிற்காது. அப்படிப்பட்ட குழந்தைகளைக் காகிதம் இல்லை என்று காக்க வைக்காமல் உடனே சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வேலை விசாவில் வருகிறவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வரும் பிள்ளைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) கிடையாது, அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளியின் கதவை மூடக்கூடாது என்று பிளைலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது.

தடுப்பூசியில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது எம்.ஆர்., அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். அங்கே கேட்பது எம்.எம்.ஆர்., அதில் பொன்னுக்குவீங்கியும் சேர்த்தி. சின்னம்மை ஊசியும் நம் அரசு அட்டவணையில் இல்லை, அங்கே கேட்பார்கள். கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டி விட்டுப்போனதைப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தாலேயே எழுதச் சொல்லுங்கள். 05/08 என்பது நமக்கு ஆகஸ்ட் ஐந்து, அவர்களுக்கு மே எட்டு. என் மகளின் அட்டைப்படி அவள் பிறப்பதற்கு முன்பே ஒரு ஊசி போட்டிருந்தார்கள்! அப்புறம், பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட குழந்தைக்குத் தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை, நோய் இல்லாமலேயே வீங்கிக்கொண்டு வரலாம். இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெயர் ஒரு தனிக் கூத்து. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் என் கணவருக்குக் குடும்பப் பெயராக அவர் அப்பா பெயர் இருக்கிறது. ஆகவே பள்ளியில் எல்லோரும் என்னை என் மாமனார் பெயரை வைத்து 'மிஸஸ்' போட்டுக் கூப்பிட்டார்கள். ஊரில் சொன்னால் மாமியார் இன்னும் சிரிக்கிறார். குழந்தையை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று படிவத்தில் கேட்கிற இடத்தில் வீட்டில் கூப்பிடுகிற பெயரைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். சேர்க்கைப் படிவங்களில் வீட்டு மொழி பற்றி ஒரு தாள் வரும். குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பேசுவது எது என்று நாலு கேள்வி. நான் எல்லாவற்றுக்கும் 'ஆங்கிலம்' என்று எழுதினேன். பொய். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, எழுத்தும் படிப்பும் தமிழ். மகள் ஓசூரில் ஆங்கில வழியில் இரண்டாம் வகுப்பு முடித்தவள், 'இங்கிலீஷ் தெரியாத பிள்ளை' என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். திண்ணைக்கு வந்த மூன்று பேரும் இதையேதான் செய்யப்போவதாகச் சொன்னார்கள். செய்யாதீர்கள்.

என்ன ஆனது? அவளுக்குப் படிக்க வந்தது, எழுத வந்தது, வாய் திறக்கவில்லை. 'ரப்பர்' கேட்டாள், பக்கத்துப் பையனுக்குப் புரியவில்லை, அங்கே அது 'இரேசர்'. டீச்சர் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபட்டது. இரண்டு மாதம் கழித்து வகுப்பாசிரியரே என்னைக் கூப்பிட்டு, வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். படிவத்தைத் திருத்தி எழுதினோம், தேர்வு வைத்தார்கள்.

அந்தத் தேர்வுக்கு எங்கள் மாநிலத்தில் 'வீடா' (WIDA) என்று பெயர். (வீடா, பள்ளிக்கூடமா என்று இவர் கேட்டது வேறு கதை.) கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது நான்கையும் பார்த்து 1 முதல் 6 வரை நிலை சொல்வார்கள். தேவைப்பட்டால் இ.எஸ்.எல்., அதாவது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு. தினமும் கொஞ்ச நேரம் தனி ஆசிரியரோடு ஐந்தாறு பிள்ளைகள், மற்ற நேரம் எல்லோரோடும் அதே வகுப்பு. ஒவ்வொரு வருஷமும் மறுபடி சோதித்து, தேறியதும் விட்டுவிடுவார்கள். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. இது பள்ளியின் தயவு இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் தவித்த சீனப் பிள்ளைகளுக்காகப் போட்ட லாவ் வழக்கில், எல்லோருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுப்பது மட்டும் சமத்துவம் ஆகாது என்று 1974இல் தீர்ப்பு வந்தது. அதன் பலனைத்தான் நம் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள்.

எனக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமே இருந்திருக்கக் கூடாது. நான் ஒன்றாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குப் போன முதல் நாள் 'நீள்ளு' வேண்டும் என்று கேட்டவள். டீச்சர் சிரிக்கவில்லை. பானையைக் காட்டி 'தண்ணி' என்று சொல்ல வைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தார். எங்கள் மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் உட்காருவது புதிதா என்ன? மகளின் இ.எஸ்.எல். ஆசிரியர் செய்ததும் அதேதான், பானைக்குப் பதில் படம் போட்ட அட்டை. அந்த மேசையைச் சுற்றி ஸ்பானிஷ், அரபி, குஜராத்தி, சீனம். ஸ்பானிஷ் பேசும் ஒரு சிறுமியோடுதான் என் மகள் முதலில் ஆங்கிலத்தில் சண்டை போட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி.

சில குழந்தைகள் மாதக்கணக்கில் மௌனமாகவே இருக்கும், உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். வீட்டில் கதை நன்றாகக் கேட்கிற பிள்ளைக்குப் பள்ளியிலும் பாடம் ஏறும். இதை அந்த ஆசிரியரே சொன்னார், தமிழ்ப் புத்தகம் கொண்டுவந்து வகுப்பில் வாசித்துக் காட்டச் சொல்லி என்னை அழைத்ததும் அவர்தான்.

உங்களுக்கே ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பள்ளி இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும், பெரும்பாலும் தொலைபேசியில் வருவார். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை நேராகச் சொல்லும்? பெற்றோர் சந்திப்பு பதினைந்து, இருபது நிமிடம்தான். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். 'ரொம்ப இனிமையான பிள்ளை' என்று ஆரம்பித்துவிட்டு அப்புறம்தான் குறைக்கு வருவார்கள், பாதியில் சந்தோஷப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

மதிய உணவுக்கு வருகிறேன். பள்ளியிலேயே வாங்கலாம், வருமானம் குறைவென்றால் படிவம் கொடுத்துச் சலுகை விலையிலோ இலவசமாகவோ பெறலாம். மாதப் பட்டியலை முன்பே தருவார்கள். மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்கள் அதைப் பார்த்து நாள் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டிக்கொடுத்தால் சூடாக்கித் தர மாட்டார்கள், சாப்பிட அரைமணிகூட இருக்காது. தயிர் சாதம் நடக்கும். கடலை உருண்டை மட்டும் வேண்டாம். நிலக்கடலை ஒவ்வாமை அங்கே உயிர்ப் பிரச்சினை, பல வகுப்புகளில் கடலை எண்ணெய் வாசம்கூட வரக்கூடாது என்பார்கள்.

குளிருக்குக் கோட்டு, பூட்ஸ் இல்லாமல் வந்துவிட்டால் பள்ளி நர்ஸிடமோ கவுன்சலரிடமோ சொல்லலாம். பல பள்ளிகளில் அதற்கென்றே ஒரு அலமாரி வைத்திருக்கிறார்கள், எங்கள் மகளின் முதல் குளிர்காலக் கோட்டு அதிலிருந்து வந்ததுதான். தீபாவளிக்குப் பல மாவட்டங்களில் இப்போது விடுமுறை. பொங்கலுக்கு இல்லை.

ஆகஸ்டில் போய் இறங்குகிறவர்கள் பள்ளி பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். சேர்க்கை பெரும்பாலும் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் நடக்கும், அது கோடையிலும் திறந்திருக்கும். செப்டம்பர் முதல் வாரம் கூட்டம் நெரியும் முன் போய்விடுங்கள், மொழித் தாளில் தெலுங்கு என்றால் தெலுங்கு, தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள்.