கிட் கார் தொழில்: சிறு பட்டறைகள் சறுக்கும் இடங்கள்

கிட் கார் செய்யும் பட்டறை முழு வண்டியை விற்பதில்லை. சேஸிஸ், ஃபைபர் பாடி, சஸ்பென்ஷன் உதிரிகள், பிராக்கெட்டுகள் எல்லாவற்றையும் செய்து பெட்டி பெட்டியாகக் கொடுக்கும். வாங்கியவர் தன் வீட்டு ஷெட்டில் அவற்றைப் பூட்டிக் காராக்கிக்கொள்ள வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் போன்றவை பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றியவையாக இருக்கும். அந்தப் பழைய காருக்கு டோனர் என்று பெயர்.

இந்தத் தொழில் ஆழமாக வேர்விட்ட நாடு பிரிட்டன். லோட்டஸ், ஜினெட்டா, டி.வி.ஆர். என்று பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்ட பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் கிட் விற்றவைதான். அதே நாட்டில் இந்தத் தொழிலில் இறங்கி மூடிப்போன பட்டறைகளும் ஏராளம். அவற்றில் பல அருமையான கார்களைச் செய்தன. கார் செய்யத் தெரிந்த அளவுக்குத் தொழில் நடத்தத் தெரியாமல் போனதுதான் அவற்றைச் சாய்த்தது.

என் பார்வையில் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: கிட்டை லாரியில் ஏற்றி அனுப்பியதும் விற்பனை முடிந்தது என்று நினைப்பது. வாங்கியவர் அதைக் கட்டி முடித்து, அரசுச் சோதனையில் தேறி, நம்பர் பிளேட் மாட்டும் நாளில்தான் அந்த விற்பனை முடிகிறது.

பாதியில் நிற்கும் கிட்

வாங்குபவர் பெரும்பாலும் மெக்கானிக் அல்ல. ஆசிரியராகவோ அலுவலக ஊழியராகவோ இருப்பார். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை பார்ப்பார். ஒரு சின்ன பிராக்கெட் பெட்டியில் இல்லையென்றால் அவருடைய வேலை வாரக்கணக்கில் நின்றுவிடும். நின்ற வேலையை மறுபடி கையில் எடுப்பது கடினம். குளிர்காலம் வந்துவிட்டால் ஷெட்டுக்குள் போகவே மனம் வராது. கடைசியில் பாதி கட்டிய கிட் பாதி விலைக்கு விளம்பரத்தில் வரும். அப்படி நாலைந்து கிட் சந்தையில் கிடந்தால், உங்களிடம் வந்து புதுக் கிட்டை முழு விலைக்கு யார் வாங்குவார்? உங்கள் காரை உங்கள் காரே போட்டியிட்டுத் தோற்கடிக்கும் நிலை அது.

இதற்கு முதல் காரணம் செய்முறைக் கையேடு. அதைக் கடைசிக்குத் தள்ளிப்போடாத பட்டறை அபூர்வம். உரிமையாளருக்கு எல்லாம் தலையில் இருக்கும். எந்த போல்ட்டை எப்போது முறுக்க வேண்டும், பிரேக் குழாயையும் பெட்ரோல் டேங்கையும் பாடி ஏற்றுமுன் ஏன் பொருத்த வேண்டும் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். வாங்கியவருக்குத் தெரியாது. லோட்டஸ் செவன் 1957இல் வந்தபோது, முழு வண்டிக்கு இருந்த பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற கொள்முதல் வரி கிட்டுக்கு இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், அதைப் பின்னிருந்து படித்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இத்தொழிலில் ஒரு பழங்கதை சொல்வார்கள். இன்றைக்கு யாருக்கும் அந்தச் சாக்கு கிடையாது.

கையேட்டைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. கார் கட்டிப் பழக்கமே இல்லாத ஒருவரிடம் கிட்டையும் கையேட்டையும் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கெல்லாம் திகைத்து நிற்கிறாரோ அங்கெல்லாம் ஒரு படமும் இரண்டு வரியும் சேருங்கள். உதிரிகளை எண்ணிப் போடுவதோடு நிறுத்தாமல், வேலை நடக்கும் வரிசைப்படி தனித்தனிப் பைகளில் கட்டி, பையின் மேல் கையேட்டின் பக்க எண்ணை எழுதுங்கள். தொலைபேசியில் வரும் கேள்விகள் பாதியாகக் குறையும். வெல்டிங் செய்பவரே தொலைபேசியும் எடுக்கும் பட்டறையில் இது சின்ன லாபம் அல்ல.

சோதனையைக் கடைசியில் நினைப்பது

பிரிட்டனில் 1998இல் எஸ்.வி.ஏ. என்ற தனிவண்டிச் சோதனை வந்தது. 2009இல் அதன் இடத்தை ஐ.வி.ஏ. பிடித்தது. வீட்டில் கட்டிய ஒவ்வொரு காரும் இதில் தேறினால்தான் சாலைக்கு வரலாம். பிரேக், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட் மாட்டும் இடம், சத்தம், புகை என்று எல்லாம் பார்ப்பார்கள். வெளியே துருத்தும் விளிம்புகள் கூர்மையாக இருக்கக் கூடாது, பொதுவாக 2.5 மில்லிமீட்டர் ஆரமாவது வளைந்திருக்க வேண்டும்.

பல பட்டறைகள் அழகாக வரைந்து, பாடியை வார்க்கும் அச்சான மோல்டு எடுத்து, பத்து பாடி விற்ற பிறகுதான் இந்த விதியைப் புரட்டுகின்றன. அப்புறம் விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லி வாங்கியவர்களுக்குத் தகவல் போகும். மோல்டிலேயே அந்த வளைவு இருந்திருக்க வேண்டும். பட்டறையின் சொந்தக் கார் ஒன்று சோதனையில் தேறுவதற்கு முன் ஒரு கிட்டைக்கூட விற்காதீர்கள். புகை வரம்பு இன்ஜினின் வயதைப் பொறுத்து மாறும் என்பதையும், டோனரிலிருந்து எவ்வளவு உதிரி வந்தது என்பதைப் பொறுத்துத்தான் புதுப் பதிவெண்ணா, பழைய ஆண்டின் எண்ணா, வயது உறுதியாகத் தெரியாத வண்டிக்குத் தரும் கியூ எழுத்து எண்ணா என்பது முடிவாகும் என்பதையும் பணம் வாங்குமுன் சொல்லிவிடுங்கள். கியூ எண்ணைப் பலருக்குப் பிடிக்காது. பிறகு தெரிந்தால் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.

அடுத்த நாட்டுக்கு அனுப்பும் ஆசை இன்னும் ஆபத்தானது. பிரிட்டனின் மார்க்கோஸ் நிறுவனம் அமெரிக்க ஏற்றுமதியை நம்பியிருந்த நேரத்தில் அங்கே புகை விதிகள் இறுகின. கார்கள் அங்கே சிக்கிக்கொண்டன. அதே வேளையில் மான்டிஸ் என்ற புது மாடலுக்கும் பணம் கரைந்தது. 1971இல் நிறுவனம் கவிழ்ந்தது. இந்தியாவில் தொடங்கலாமே என்று நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முதலில் படிக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பிரிட்டன் முறையை அப்படியே இங்கே இறக்க முடியாது.

ஒற்றைத் தூண்

1973 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது. கிட்டுக்கு இருந்த வரிச் சலுகை ஒரே நாளில் மறைந்தது. வேல்ஸின் கில்பெர்ன் என்ற கிட் கார் நிறுவனம் அந்த ஆண்டே மூடியது. கிளான் நிறுவனமும் நீடிக்கவில்லை. எல்லாப் பழியையும் வரியின் மேல் போட முடியாது. ஆனாலும் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கப்பட்ட கார்களுக்கு அந்த மலிவு போனதும் வேறு பிடிமானம் இருக்கவில்லை. அதே 1973இல்தான் லோட்டஸ் செவனின் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் வாங்கியது. அந்தக் காரை ஓட்டும் சுகத்துக்காகவே வாங்க ஆள் இருந்தது. வரிச் சலுகை இல்லாமலும் அது பிழைத்தது. உங்கள் காருக்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று விலைப் பட்டியல் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

டோனரும் அப்படி ஒரு தூண்தான். ஃபோர்டு எஸ்கார்ட் குப்பை விலைக்குக் கிடைத்தபோது எல்லோரும் அதை வைத்து வரைந்தார்கள். பிறகு பழைய எஸ்கார்ட்டே சேகரிப்பாளர் பொருளாகி விலை ஏறியது, ஃபோர்டின் சியாரா காருக்கு மாறினார்கள். அதன் தயாரிப்பு 1993இல் நின்றது. இப்போது பலரும் மாஸ்டா எம்.எக்ஸ்.5க்கு வந்திருக்கிறார்கள். டோனர் இன்னும் ஏராளமாகக் கிடைக்கும்போதே அடுத்த டோனருக்கான சேஸிஸை வரையத் தொடங்க வேண்டும்; தட்டுப்பாடு வந்த பிறகு வரைய நேரமும் இருக்காது, கையில் காசும் இருக்காது.

அட்வான்ஸ் பணம்

புதிதாக வந்தவர் கொடுத்த அட்வான்ஸில் பழைய ஆர்டருக்கு ஃபைபர் பாடிக்கான ரெசினும் இரும்புக் குழாயும் வாங்குவது இத்தொழிலில் மிகக் கொடிய பழக்கம். ஆர்டர்கள் வந்துகொண்டே இருக்கும் வரை எதுவும் தெரியாது. இரண்டு மாதம் ஆர்டர் நின்றால் போதும், ஊரெல்லாம் கடன்காரர்கள். ஏமாறுபவர்கள் ஆண்டுக்கணக்கில் சேமித்துக் கனவு கண்டவர்கள். அட்வான்ஸைத் தனிக் கணக்கில் வையுங்கள். அந்த ஆர்டருக்கான பொருள் வாங்கும்போது மட்டும் எடுங்கள். கிட்டைக் கட்டம் கட்டமாக விற்பது இருவருக்கும் நல்லது. முதலில் சேஸிஸ், அது முடிந்ததும் சஸ்பென்ஷன், பிறகு பாடி. வாங்குபவரின் பணம் அவர் கையிலேயே இருக்கும், உங்களுக்கும் வரவு சீராக வரும்.

விலை போடும்போது தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள் அநேகம். தேயும் மோல்டு, கண்காட்சிச் செலவு, தொலைபேசியில் போகும் மணி நேரம், பொறுப்புக் காப்பீடு எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது. வரியும் திடீரென வந்து நிற்கும். பிரிட்டனில் 2024 முதல் ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். 6,000 பவுண்டு விலையில் 15 கிட் விற்றாலே அந்த எல்லையில் நிற்பீர்கள். வாங்குபவர் தனிநபர், வரியைத் திரும்பப் பெற மாட்டார். 20 சதவீதம் விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கிட்டின் 6,000இல் 1,000 பவுண்டை வரியாகக் காட்ட வேண்டும். 15ஆவது கிட் வரை லாபமாகத் தெரிந்த விலை அதற்கு மேல் நட்டமாகலாம்.

மோல்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாலியெஸ்டர் ரெசின் எளிதில் தீப்பிடிக்கும். மைதாஸ் என்ற நல்ல நிறுவனம் 1989இல் பட்டறையில் ஏற்பட்ட தீயோடு முடிந்துபோனது. மூல மோல்டை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

நகல்: இரண்டு பக்கமும் வெட்டும்

அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் 1964இல் செய்யத் தொடங்கிய மேங்ஸ் பக்கி, பின்னர் வோக்ஸ்வேகன் பீட்டிலின் தளத்தைக் குறுக்கி அதன்மேல் ஃபைபர் பாடி போட்ட எளிய வண்டியானது. அந்த எளிமையாலேயே நகலெடுப்பதும் எளிதாக இருந்தது. அவருடைய காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை; 1971இல் நிறுவனம் மூடியது. ஃபைபர் பாடியை வாங்கி அதிலிருந்தே மோல்டு எடுக்க எவராலும் முடியும். காப்புரிமையை நம்பி உட்காராமல் கையேட்டிலும் உதிரி சப்ளையிலும் முன்னே போவதுதான் உண்மையான பாதுகாப்பு.

மறுபக்கம், பிறர் காரின் உருவத்தை நகலெடுத்து விற்பது. ஃபெராரி போலவே கிட் செய்து விற்றவருக்கு எதிராக 1991இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரை மாற்றி விற்றது அவரைக் காப்பாற்றவில்லை. வெஸ்ட்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் கிட் நிறுவனமும் 1980களில் கேட்டர்ஹாமுடன் தகராறு வந்த பிறகு தன் காரின் வடிவத்தை மாற்ற வேண்டியிருந்தது. மோல்டுக்குச் செலவழிக்குமுன் வழக்கறிஞருக்கு ஒரு சிறு தொகை கொடுத்துக் கேட்டுக்கொள்வது எவ்வளவோ மலிவு.

இன்னும் ஒன்று, பலருக்கும் சொல்லத் தயக்கமானது: வருபவர் எல்லோருக்கும் விற்காதீர்கள். ஷெட் இருக்கிறதா, ஓராண்டுக்கு மேல் வாரத்தில் ஒரு முழுநாள் ஒதுக்க முடியுமா, கிட் விலைக்கு மேல் டயர், பெயின்ட், சோதனைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பணம் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் தடுமாறினால், ஏற்கெனவே கட்டி முடித்த ஒருவரின் ஷெட்டுக்கு அவரை அனுப்பி ஒரு நாள் சேர்ந்து வேலை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதன் பிறகு அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.