ஸ்மோக்கரின் நெருப்புப் பெட்டி மேல் ஒரு சமையல் கல் பொருத்துவது எப்படி?

அமெரிக்காவின் டெக்சஸ் பக்கம், விறகின் சூட்டிலும் புகையிலும் கறியை மெதுவாக வேகவைக்கும் ஸ்மோக்கர் அடுப்பைக் கொல்லையில் தாங்களே வெல்டிங் செய்து வைத்திருப்பவர்கள் நிறைய. பழைய புரொபேன் (எரிவாயு) டேங்கைக் கறி வேகும் அறையாகப் படுக்க வைத்து, ஒரு முனையில் புகைபோக்கி, மறுமுனையில் விறகு எரிய நெருப்புப் பெட்டி. பிரிஸ்கட் எனும் மாட்டு நெஞ்சுக்கறி 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேக 10, 12 மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் பெட்டியின் தலை கொதித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சூடெல்லாம் வீண். அங்கே ஒரு கனத்த தகட்டை உட்கார வைத்தால் முட்டை, டோர்ட்டியா எனும் மெக்சிகோ ரொட்டி, வெங்காயம் எல்லாவற்றையும் அதே விறகில் சுட்டுவிடலாம்.

இங்கே சொல்வது 50 செ.மீ. சதுரப் பெட்டிக்கு. உருளை வடிவப் பெட்டி என்றால் மேலே தனிச் சட்டம் கட்ட வேண்டும். முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

தகடு

சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்புத் தகடு போதும். 6 மி.மீ.க்குக் குறைந்தால் சூட்டில் நெளிந்துவிடும். என் ஓட்டு 10 மி.மீ.க்குத்தான்: குளிர்ந்த கறியைப் போட்டாலும் சூடு சட்டென்று இறங்காது. 48 x 57 செ.மீ. அளவில் அது சுமார் 21 கிலோ வரும், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் மேலுள்ள துத்தநாகம் சூட்டில் புகையாகும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

புதுத் தகட்டில் கருநீலமாக ஒரு தோல் இருக்கும். சமைக்கும் பக்கத்தில் அதை ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட தேய்ப்புச் சக்கரம்) மாட்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்துவிடுங்கள். விட்டால் பின்னால் செதிலாக உரிந்து சாப்பாட்டில் கலக்கும்.

வாய் வெட்டுவது

இருக்கும் மேல்தகட்டின் மீதே புதுத் தகட்டை வைத்தால் இடையில் காற்று நின்று சூடு சரியாக ஏறாது. அதனால் வெட்டத்தான் வேண்டும். பெட்டி நன்றாக ஆறியிருக்கட்டும். சுற்றிலும் 5 செ.மீ. விளிம்பு விட்டு, மூலைமட்டம் வைத்து 40 x 40 செ.மீ. கோடு கிழியுங்கள். நான்கு மூலையிலும் முதலில் துளை போடுங்கள். அப்போதுதான் வெட்டு கோட்டைத் தாண்டி ஓடாது. கட்டிங் வீலால் ஒரே மூச்சில் அழுத்தாமல், கோட்டின் மேலேயே மூன்று நான்கு தடவை போய் ஆழப்படுத்துங்கள். கண்ணாடி, முகக் கவசம், கையுறை மூன்றும் கட்டாயம். கிரைண்டரின் கார்டை (சக்கரத்தை மூடும் தடுப்பை) கழற்றவே கூடாது. வெட்டிய விளிம்பின் பிசிறைத் தேய்த்துவிடுங்கள்.

உட்கார வைப்பது

இதுதான் முக்கியமான இடம். தகட்டைச் சுற்றி வெல்டிங் அடித்துப் பெட்டியோடு ஒட்டிவிடத் தோன்றும். ஒட்டாதீர்கள். சூடு 300 டிகிரி ஏறினால் 57 செ.மீ. இரும்பு சுமார் 2 மி.மீ. நீளும். நீள இடமில்லாவிட்டால் நடுவில் வயிறு தள்ளும், இல்லையென்றால் வெல்டிங் விரியும்.

தகடு தன் எடையிலேயே உட்காரட்டும். மூன்று பக்கம் விளிம்பின் மேல் 4 செ.மீ. படியட்டும். கதவில்லாத வெளிப்பக்கம் பெட்டியைத் தாண்டி 8 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். படியும் மூன்று பக்கத்திலும் 25 மி.மீ. எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) துண்டுகளை, தகட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளிப் பெட்டியில் டேக் (பொட்டுப் பொட்டாக வெல்டிங்) அடியுங்கள். அந்த இடத்துப் பெயின்ட்டை முன்பே சுரண்டிவிட வேண்டும். நீட்டும் பக்கம் தகட்டுக்கு அடியில், பெட்டிச் சுவரிலிருந்து 3 மி.மீ. விட்டு ஒரு துண்டைத் தகட்டிலேயே டேக் அடித்தால் தகடு நகராது.

வாயைச் சுற்றி, விறகு அடுப்புக் கதவுகளுக்குப் போடும் கண்ணாடி இழைக் கயிற்றை அதற்கான சிமெண்ட்டால் ஒட்டுங்கள். இடுக்கு இருந்தால் கறிக்குப் போக வேண்டிய புகையும் சூடும் அந்த வழியாகவே வெளியேறிவிடும்.

நீட்டிய பகுதியின் மூலையில் 20 மி.மீ. துளை போட்டு, அடியில் ஒரு டின்னைத் தொங்கவிடுங்கள். எண்ணெயும் கொழுப்பும் அங்கேதான் விழ வேண்டும், நெருப்பில் அல்ல. ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்த மூலை மயிரிழை தாழ்ந்திருக்கும்படி ஸ்மோக்கரின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள்.

கல்லைப் பழக்குவது

தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். சோப்புப் போட்டுக் கழுவி, சூடேற்றி ஈரத்தை விரட்டுங்கள். சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, வேறொரு காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். அதன்பின் மிஞ்சுவதே போதும். எண்ணெய் தேங்கினால் பிசுபிசுப்பாக உறைந்துவிடும். புகை அடங்கியதும் மறுபடி தடவுங்கள். சாம்பல் நிறம் தேன் நிறமாகி, பழுப்பாகி, நான்கைந்து பூச்சில் கறுக்கத் தொடங்கும்.

சமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தீ புகைபோக்கியை நோக்கி இழுக்கப்படுவதால் கறி அறைப் பக்கம் கல் அதிகம் சுடும், கதவுப் பக்கம் மிதமாக இருக்கும். கறியை அங்கே சிவக்க விட்டு, முட்டையை இங்கே ஊற்றுங்கள். கல் நிறையச் சாமான் போட்டால் கறி அறையின் சூடு கொஞ்சம் இறங்கும். வெப்பமானியைப் பார்த்து ஒரு விறகு சேருங்கள். எல்லாம் முடிந்து கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுரண்டி, எண்ணெய் தடவுங்கள். முழுக்க ஆறிய பிறகு மழை படாமல் மூடி வையுங்கள்.