வீடு கட்டும்போது வீட்டுக்காரர் கேட்பதை எழுதி வாங்கும் முறை

வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர்களுக்கு இது. வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் மனம் மாறுவது சகஜம். எந்த முடிவை எதுவரை மாற்றலாம் என்று முதல் நாளே சொல்லி, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பலருக்குப் பிளான் பார்த்து அளவு புரியாது. மனையிலேயே கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடி தூவி அறைகளைப் போட்டுக் காட்டுங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறடி அகலக் கட்டில் போட்டால் மீதி நாலடி. அதில் அலமாரிக்கு இரண்டடி போனால், நடக்க இரண்டடிதான். அடுப்படியில் புழங்குகிறவரை அங்கே நிற்க வையுங்கள். மேடை உயரம் 32 அங்குலமா, 34 அங்குலமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வாஸ்து பார்க்கிற வீடென்றால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். நிலை வைத்தபின் படிக்கட்டைத் திருப்பச் சொன்னால் இடிக்கத்தான் வேண்டும்.

முடிவு சொல்ல ஒரே ஆள் இருக்கட்டும். அப்பா ஒன்று சொல்வார், சிங்கப்பூர் மகன் வீடியோ காலில் வேறொன்று சொல்வார். கொத்தனார் கடைசியாகக் காதில் விழுந்ததைக் கட்டிவிடுவார்.

மேலே எத்தனை மாடி வரும் என்பது அஸ்திவாரம் தோண்டும் முன்பே தெரிய வேண்டும். ஃபூட்டிங் (தூணுக்கு அடியில் வரும் கான்கிரீட்) அளவும் தூணுக்குப் போடும் கம்பியும் அதைப் பொறுத்தவை. ஃபேன் பாக்ஸ், லைட் பாயிண்ட், மாடி பாத்ரூம் இடம் மூன்றும் தளம் போடும் முன் முடிய வேண்டும். பாத்ரூம் வரும் இடத்தில் தளத்தை 9 அங்குலம் முதல் ஓரடி வரை இறக்கிப் போடுவோம். அப்புறம் நகர்த்தினால் பாத்ரூம் தரை மேடாகும். குழாய்க்காகத் தளத்தைக் குடைந்தால் ஒழுகும். சுவிட்ச் போர்டு, ஏசி, கீசர் இடங்களைப் பூச்சுக்கு முன் சுவரில் சாக்பீஸால் வரைந்து, காட்டி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்ட், போர்வெல் எல்லாம் சதுர அடி ரேட்டில் சேருமா சேராதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 'நல்ல டைல்ஸ்' என்று எழுதினால் தகராறுதான். சதுர அடி இத்தனை ரூபாய் வரை என்று போடுங்கள். மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண், மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். குழி தோண்டிப் பார்க்காமல் அங்கே அஸ்திவாரத்துக்கு மொத்த விலை சொல்லாதீர்கள்.

மாற்றம் கேட்டால் உடனே ஒரு சீட்டு: என்ன மாற்றம், எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும், கையெழுத்து. நாலடி ஜன்னல் ஆறடியானால் கிரில், கண்ணாடியோடு லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் சட்டம்) கம்பியும் மாறும். அதையும் கணக்கில் சேருங்கள். பணத்தை அந்த வாரமே வாங்குங்கள், கடைசி பில்லில் மொத்தமாகக் காட்டினால் யாருக்கும் கோபம் வரும். பக்கத்தில் விட வேண்டிய இடத்தைச் சுருக்கி அறையைப் பெரிதாக்கச் சொன்னால் மட்டும், எவ்வளவு கொடுத்தாலும், திருத்திய பிளானுக்கு அனுமதி வராமல் கல் வைக்காதீர்கள்.