வருஷம் முழுக்க பறவை பாக்கணும்னா ஒரே ஒரு ஏரியைப் புடிங்க

பறவை பாக்க ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்குறதே எந்த கேமரா வாங்கலாம்னுதான். இப்போதைக்கு கேமராவே வேணாம். காசு இருந்தா ஒரு 8×42 பைனாகுலர் வாங்குங்க, 8 மடங்கு பெருசா காட்டும், 10 மடங்கு மாதிரி கை ஆட்டத்துக்கு படம் ரொம்ப ஆடாது. இல்லன்னாலும் பரவால்ல, கண்ணும் காதும் போதும்.

வீட்டுலருந்து நடந்து போற தூரத்துல ஏரியோ கோயில் குளமோ காலேஜ் கேம்பஸோ எதாவது ஒண்ணைப் புடிச்சுக்குங்க. வாரத்துல ஒரு நாள், விடிஞ்ச உடனே, அதே வழியில போங்க. தேதி, என்ன பாத்தீங்க, எத்தனை, அது என்ன பண்ணுச்சு, இவ்ளோதான் நோட்ல எழுதணும். ஒரே இடத்தையே பாத்தாதான் யாரு புதுசா வந்திருக்கா, யாரு காணாம போயிட்டான்னு தெரியும், ஊர் ஊரா சுத்துறவங்களுக்கு இது புடிபடாது.

முதல்ல காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செண்பகத்தை நல்லா பழகுங்க. கழுத்து சாம்பலா இருக்கறது வீட்டுக்காக்கா, முழுக்க கருப்பு அண்டங்காக்கா. புதுசா ஒண்ணைப் பாத்தா மைனாவை விட பெருசா சின்னதா, அலகு எப்படி, வால் ஆட்டுதான்னு பாருங்க, கலரை கடைசியா பாருங்க, வெளிச்சம் மாறினா கலரும் ஏமாத்தும்.

பங்குனி சித்திரை காதுக்கான சீசன். மரத்து உச்சியில டொக் டொக்னு தட்டுற மாதிரி விடாம சத்தம் வந்தா அது குக்குறுவான், பச்சை உடம்பு, நெத்தியிலயும் மார்லயும் செவப்பு. குயில் கத்திக்கிட்டே இருக்கும், கூவுறது கருகருன்னு இருக்கற ஆண்தான், பொண்ணு பழுப்புல வெள்ளைப் புள்ளி போட்டு இலைக்குள்ள உக்காந்திருக்கும். பக்கத்துல காக்கா கூடு இருந்தா ரெண்டும் போடுற சண்டையைப் பாருங்க.

மழை வந்துட்டா தூக்கணாங்குருவி. ஆண் தலை மஞ்சளாயிடும், கூட்டை பாதி கட்டிட்டு தொங்கிக்கிட்டே கத்தும், பொண்ணு வந்து பாத்து புடிச்சிருந்தாதான் மீதியைக் கட்டும், புடிக்கலன்னா பாதியிலயே விட்டுடும். வயக்காட்டு பனைமரத்துக்கு கொஞ்சம் தள்ளி உக்காந்தா அரை நாள் போறதே தெரியாது. கூட்டுக்கிட்ட மட்டும் போகாதீங்க, போன்ல குரல் போட்டு கூப்பிடவும் செய்யாதீங்க.

புரட்டாசியிலருந்து விருந்தாளிங்க. கரண்ட் கம்பியில தகைவிலான் வரிசையா உக்காரும், தோட்டத்துல ஆறுமணிக்குருவி விடியக்காலையும் பொழுது சாயுறப்பவும் விசிலடிக்கும், ஏரியில ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் எறங்கும். இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், வேடந்தாங்கல்ல கூடு கட்டுற நத்தைகுத்தி நாரை, மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா எல்லாத்தையும் வெளிநாட்டுப் பறவைன்னு வருஷா வருஷம் நியூஸ்ல எழுதிடுறாங்க, அதெல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்கதான். வடக்கே சைபீரியா, மத்திய ஆசியா பக்கம் இருந்து வர்ற வாத்துங்க இங்க சாப்பிட மட்டும்தான் வருது, கூடு கட்டாது, பங்குனிக்குள்ள பெரும்பாலும் கெளம்பிடும்.

அதே பறவை சீசனுக்கு ஏத்த மாதிரி வேஷம் மாத்தும், அதுவும் கவனிங்க. பழுப்பா நிக்கிற மடையானுக்கு (குளத்துக் கொக்கு) இனப்பெருக்க காலத்துல முதுகு கருஞ்செவப்பாயிடும், உண்ணிக்கொக்கு தலை ஆரஞ்சாயிடும், ரெண்டையும் புதுசுன்னு நினைச்சு ஏமாறுறது சகஜம்.

மெர்லின் ஆப் சத்தத்தை வச்சு பேர் சொல்லும், ஆனா கண்ணால பாக்காம நம்பாதீங்க, சில நேரம் இங்க இல்லாத பறவையெல்லாம் சொல்லும். லிஸ்ட்டை இ-பேர்ட்ல, அதாவது பாத்த பறவைங்களைப் பதிஞ்சு வைக்கிற ஆப்ல, போட்டு வைங்க. பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிஷமாவது ஒரு இடத்துல நின்னு பாத்ததை எண்ணி இ-பேர்ட்ல ஏத்தினா போதும், மொட்டைமாடியிலருந்தே பண்ணலாம், வெறும் காக்கா மைனாதான் வந்துச்சுன்னாலும் அதையே போடுங்க.