மாமா கொண்டுவந்த ஜிபிஎஸ்: சிறுவிமானத்துக்கு நகரும் வரைபடம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறொன்ரோவிலிருந்து மாமா வந்தபோது பெட்டிக்குள் சொக்லேற்றுக்கும் வாசனைச் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு ஜிபிஎஸ் இருந்தது. விமானத்துக்கென்றே செய்த கைக்கருவி. நான் அப்போது கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். "மருமோன், அங்கத்தைய பைலட்மார் எல்லாரும் இதைத்தான் பாவிக்கினமாம். விசாரிச்சு விசாரிச்சு வாங்கினனான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நிறுத்தியிருந்த செஸ்னாவுக்குள் உட்கார்ந்து அதை இயக்கினேன். கொஞ்ச நேரத்தில் செய்மதிகளைப் பிடித்தது. திரையில் மாம்பழம் மாதிரி இலங்கையின் வெளிக்கோடு, அதன் மேற்குக் கரையில் ஒரு சின்ன விமானப் படம். அவ்வளவுதான். ஓடுபாதை இல்லை, வான்பரப்பு எல்லை இல்லை, அலைவரிசை இல்லை. ஒன்ராறியோவில் யாரோ ஒரு விவசாயி தன் வயலுக்குள் வெட்டி வைத்திருக்கும் புல் ஓடுபாதைகூட அதற்குத் தெரிந்திருந்தது. நான் நின்றுகொண்டிருந்த இரத்மலானை தெரியவில்லை.

கருவியில் ஒரு பழுதும் இல்லை. வட, தென் அமெரிக்கப் பகுதிக்கான தரவோடு விற்ற கருவி அது. நகரும் வரைபடம், அதாவது விமானம் போகப் போகத் திரையில் கூடவே நகரும் வரைபடம், வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. திரை எத்தனை அங்குலம், தொடுதிரையா பொத்தானா, எத்தனை டொலர் என்று எல்லாம் கேட்போம். நாம் பறக்கிற இடத்தின் வரைபடம் அதற்குள் இருக்கிறதா என்று மட்டும் கேட்க மாட்டோம். இணையத்தில் படிக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை வேறொரு வானத்துக்கு எழுதியவை.

ஆகவே வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இலங்கையின் விமான நிலையங்கள், கட்டுப்பாட்டு வான்பரப்பு, தடை செய்யப்பட்ட பகுதிகள், நிலமேடு, கோபுரம் போன்ற தடைகள் ஆகியவை எந்தத் தரவுத் தொகுப்பில் வருகின்றன, அதற்கு வருடத்துக்கு எவ்வளவு? செயலிக்கும் இதே கேள்விதான். போர்ஃபிளைட், ஸ்கைடீமன், கார்மின் பைலட் எல்லாம் பெயர்பெற்றவை. ஆனால் ஒரு செயலி நல்லது என்பதும், அது இலங்கைக்கு நல்லது என்பதும் வேறு வேறு கதை. பணம் கட்டுமுன் இலவச சோதனைக் காலத்தில் இரத்மலானை, பலாலி, சீனக்குடா, கொக்கல என்று நாலு இடத்தைத் தேடிப் பாருங்கள். பெயர் வந்தால் மட்டும் போதாது. ஓடுபாதை எண்ணும் அலைவரிசையும் வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

தேடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 'கொழும்பு' என்று தட்டினால் இரண்டு விமான நிலையங்கள் வரக்கூடும். இரத்மலானையின் குறியீடு வி.சி.சி.சி., கட்டுநாயக்கவினது வி.சி.பி.ஐ. இரண்டுக்கும் நடுவே இருபது கடல் மைலுக்கு மேல் தூரம். ஆனால் இரண்டிலும் ஓடுபாதை 04/22தான், திசை ஒன்றே. அவசரத்தில் மேலே உள்ளதைத் தட்டிவிட்டு நேராகப் போனால், சின்ன செஸ்னாவோடு பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும் பாதைக்குள் போய் நிற்பீர்கள். குறியீட்டால் தேடப் பழகுங்கள்.

தரவு இருந்தால் போதாது, புதிதாகவும் இருக்க வேண்டும். வான்வழித் தரவு உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. "ஓடுபாதை எங்கே ஓடிப் போகப் போகிறது" என்று ஐந்து வருடம் பழைய தரவோடு பறப்பது, போன வருடப் பஞ்சாங்கத்தில் இந்த வருடத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது மாதிரி. கொழும்பே இதற்குச் சாட்சி. 350 மீட்டர் உயரமான தாமரைக் கோபுரம் 2019இல் திறந்துவைக்கப்பட்டது. அடியில் சொன்னால் ஏறக்குறைய 1,150. பயிற்சி விமானம் ஓடுபாதையைச் சுற்றி வழக்கமாகப் பறக்கும் ஆயிரம் அடிக்கும் மேலே அதன் நுனி. அதற்கு வெகு முன்பே விற்ற கருவியின் தடைத் தரவில் அந்த இடம் வெறும் நகரம். துறைமுக நகரமும் அப்படித்தான்: கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் நிலம், பழைய வரைபடத்தில் இன்னும் நீலக் கடல். கரையோரத்தைப் பார்த்துப் பறக்கிறவருக்கு வெளியே தெரிவதும் திரையில் தெரிவதும் ஒத்துப்போகாவிட்டால் தலை சுற்றும்.

பழைய கருவியை மலிவாக வாங்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கருவி வேலை செய்யும், ஆனால் அதற்குத் தரவு தருகிறவர் இருக்க மாட்டார். லோரன்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் எயார்மெப் என்று நல்ல கைக்கருவிகள் செய்தது. பிறகு விமானத் துறையையே விட்டுவிட்டது. அப்புறம் திகதிப் பிரச்சினை. ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். கடைசியாக அப்படி நடந்தது 2019 ஏப்ரலில். பழைய கருவிகள் சில அன்றோடு இருபது வருடம் பின்னுக்குப் போய்விட்டன. இயக்கியதும் முதலில் திகதியைப் பாருங்கள்.

இங்கே வேலை செய்யாத வசதிகள்

மாமாவின் கருவியில் வானிலைக்கென்று தனிப் பக்கம் ஒன்று இருந்தது. மழை முகில்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டுமாம். அந்த வசதிக்காகவே கூடுதல் காசு கொடுத்திருந்தார் மனிதர். ஆனால் அமெரிக்கக் கருவிகளில் வரும் எக்ஸ்எம் செய்மதி வானிலை வட அமெரிக்காவோடு முடிந்துபோகிற சேவை. ஏடிஎஸ்-பி (விமானங்கள் தங்கள் இடத்தை வானொலியில் அறிவிக்கும் முறை) வாங்கிக் கருவி வழியாக இலவசமாக வானிலை கிடைக்கும் என்கிறார்களே, அது அமெரிக்கத் தரை நிலையங்கள் அனுப்புவது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் களனிக்கு மேலே கறுத்துக்கொண்டு வரும் முகிலை அந்தப் பக்கம் ஒருநாளும் காட்டப் போவதில்லை. அயல் விமானங்களைக் காட்டும் வசதி மட்டும் ஓரளவு கைகொடுக்கும், அதுவும் மற்ற விமானத்தில் ஏடிஎஸ்-பி அனுப்பும் கருவி இருந்தால்.

"வாஸ் வசதி உண்டு" என்ற வரியைப் பார்த்தும் மயங்க வேண்டாம். வாஸ் என்பது ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் செய்மதிச் சேவை. அதுவும் வட அமெரிக்காவுக்கானது. நம் பக்கத்தில் இருப்பது இந்தியாவின் ககன். கண்ணால் பார்த்துப் பறக்கிறவருக்குப் பத்து மீட்டர் பிழை மூன்று மீட்டராகக் குறைந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

உயரம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் பகுதிக்கே உரிய சங்கதி.

என்னோடு படித்த ஒரு பையன் கருவி வாங்கக் காசில்லாமல் அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் ஏதோ இலவசச் செயலியைப் போட்டுக்கொண்டு வந்தான். இரத்மலானைத் தரிப்பிடத்தில், சக்கரம் தரையில் நிற்க, அது காட்டிய உயரம் மைனஸ் 300 அடி. "மச்சான், நாங்கள் கடலுக்கடியிலேயோ நிற்கிறம்?" என்று சிரித்தான்.

கணக்கு இப்படித்தான் வருகிறது. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியை ஒரு சீரான நீள்கோளமாகக் கணித்து, அந்தக் கற்பனை மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. உண்மைக் கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கும். உலகத்திலேயே மிக ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 106 மீட்டர் தாழ்வு. கொழும்பிலும் ஏறக்குறைய 100 மீட்டர். நல்ல கருவிகள் இதைத் திருத்திவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். திருத்தாத செயலிகள் முந்நூறு அடிக்கு மேல் குறைத்துக் காட்டும். வேறு நாட்டில் இருந்து ஒருவர் "எனக்குச் சரியாகத்தானே காட்டுகிறது" என்று எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய ஊரில் பள்ளம் இல்லை.

திருத்தும் கருவியாக இருந்தாலும், பறக்கும் உயரத்துக்கு உயரமானியைத்தான் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் காற்றழுத்த எண்ணை உயரமானியில் வைத்து எல்லா விமானங்களும் ஒரே அளவுகோலில் பறக்கின்றன. நீங்கள் மட்டும் ஜிபிஎஸ் உயரத்தில் பறந்தால், ஐந்நூறு அடி இடைவெளி என்று நீங்கள் நினைப்பது உண்மையில் இருநூறாக இருக்கலாம்.

இடத்தைக் குறிப்பதில்

ஆள்கூறுகளைக் கையால் பதிகிறவர்கள் அடிக்கடி சறுக்குவது பாகை, கலை (நிமிடம்), விகலையில் (விநாடி). வெளியீடுகளில் 50 விகலை என்று இருப்பதைக் கருவியில் .50 கலை என்று அடித்துவிடுவார்கள். 50 விகலை என்பது .83 கலை. அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல் மைல் என்பதால் பிழை 600 மீட்டரைத் தாண்டும். இரத்மலானை ஓடுபாதை ஏறக்குறைய 1,800 மீட்டர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு. கருவியின் அமைப்புப் பக்கத்தில் எந்த வடிவம் இருக்கிறது என்று ஒருக்கா பார்த்துவிட்டு அடிக்கலாம்.

இன்னொன்று, நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத்திலிருந்து இடத்தைக் குறித்தெடுப்பது. அந்த வரைபடங்கள் கண்டவல என்ற உள்நாட்டு ஆதாரத்தில் (ஆள்கூறுகளை அளக்கும் அடிப்படை) வரைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டுக்கும் வேறுபாடு நூற்றுக்கணக்கான மீட்டர். பல கைக்கருவிகளின் ஆதாரப் பட்டியலில் கண்டவல என்ற பெயரே இருக்கிறது. நம் ஊர்ப் பெயர் என்ற ஆசையில் அதைத் தெரிவு செய்து அப்படியே விட்டுவிடாதீர்கள். பறக்கும்போது டபிள்யூஜிஎஸ் 84தான்.

சூடும் மின்சாரமும்

ஐபேட் வாங்குகிறவர்கள் வைஃபை மட்டும் உள்ள மலிவானதை வாங்கிவிடுகிறார்கள். அதற்குள் ஜிபிஎஸ் சில்லே கிடையாது. சிம் போடக்கூடிய மாதிரியில்தான் உண்டு (சிம் போடாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்), அல்லது வெளியே தனி ஜிபிஎஸ் வாங்கிக் கருவி ஒன்று வைக்க வேண்டும். வெளி வாங்கிக்கும் ஒரு பற்றரி, ஒரு வயர், ஒரு தலைவலி.

அப்பிள் ஐபேட்டுக்குச் சொல்லும் இயங்கு வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரைதான். நண்பகல் இரத்மலானைத் தரிப்பிடத்தில் கதவு மூடிய விமானம் அதைவிட எவ்வளவோ சூடு. கண்ணாடியோரம் வெயிலில் ஒட்டிவைத்தால் ஏறிக்கொண்டிருக்கும்போதே திரை மங்கி, பிறகு எச்சரிக்கை வந்து, அணைந்தே போகும். நிழல்படும் இடத்தில், காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். உறிஞ்சு கிண்ணம் வெயிலில் கழன்று மடியில் விழும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். காந்தத் திசைகாட்டிக்குக் கிட்டவும் எதையும் மாட்டக் கூடாது. கறுப்புக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்து வாங்குங்கள். சில கண்ணாடிகளில் திரை முழுக் கறுப்பாகத் தெரியும்.

மின்சாரத்தில் நானே பட்டது. காரில் பாவித்த சார்ஜரை செஸ்னா 152இன் சிகரெட் லைட்டர் துளையில் செருகினேன். ஓட்டை ஒன்றுதான், அளவும் சரி, ஆனால் காரில் 12 வோல்ற், அந்த விமானத்தில் 28. ஓடுபாதை முனையில் நிற்கும்போது பிளாஸ்ரிக் கருகும் மணம். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் மாஸ்ரர் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் பேசினார், அதை இங்கே எழுத முடியாது. சார்ஜரில் 12 முதல் 30 வோல்ற் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பலாலி நேர்கோட்டிலேயே 180 கடல் மைல் அளவு, 152இல் இரண்டு மணித்தியாலம். பழைய பற்றரியை நம்பிப் புறப்பட்டால் மன்னாருக்கு அப்பால் திரை இருண்டுவிடலாம்.

மலைப் பக்கம் போகிறவர்களுக்கு

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு கட்டுநாயக்கவில் இறங்க வந்த டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். விமான நிலையம் இன்னும் 40 கடல் மைல் மேற்கே இருந்தது. இயந்திரம் பழுதாகவில்லை. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாக எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். விமானத்துக்குள் இருந்த, வேகத்தையும் போன தூரத்தையும் கணிக்கும் டொப்ளர் கருவியும் வானிலை ராடாரும் காட்டியதைத் தவறாக விளங்கிக்கொள்ள இடமிருந்தது என்பது விசாரணையில் வந்தது.

இன்றைய நகரும் வரைபடம் அந்தத் தவறைச் செய்யவிடாது என்று நினைப்போம். ஆனால் மலையை அது எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்கிறது என்பது நிலமேட்டுத் தரவைப் பொறுத்தது. 30 விகலைத் தரவு என்றால் ஒவ்வொரு கட்டமும் 900 மீட்டருக்கு மேல் அகலம். 9 விகலையில் 270 மீட்டர் அளவு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சரேலென்று எழும் முகடு பெரிய கட்டத்துக்குள் மழுங்கிப்போகலாம். பிதுருதலாகல 2,524 மீட்டர், சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். பிற்பகலானால் இரண்டும் முகிலுக்குள். திரையில் பள்ளத்தாக்கு சிவப்பாக இல்லாமல் மஞ்சளாகத்தானே தெரிகிறது என்று முகிலுக்குள் நுழைவதற்கு எந்தக் கைக்கருவியும் அனுமதி இல்லை. கருவிப் பறப்புக்கு (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறப்பது) சான்று பெற்று விமானத்தில் பொருத்திய ஜிபிஎஸ் வேறு சாமான், அதன் விலையும் வேறு.

வாங்கியபின் முதல் பத்து மணித்தியாலத்தை வீட்டில் செலவழியுங்கள். பல கருவிகளில், பறக்காமலே பறப்பதுபோல் காட்டும் பாவனைப் பயன்முறை இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்து இரத்மலானையிலிருந்து கொக்கலைக்குப் போய்வரலாம். அருகிலுள்ள விமான நிலையத்தைக் காட்டும் பொத்தான் கண்ணை மூடிக்கொண்டும் கைக்கு வர வேண்டும். குலுங்கும் விமானத்தில், வியர்த்த விரலோடு, தொடுதிரையில் நாலு பக்கம் தாண்டிப் போய்த் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று கடைக்குள் ஏசியில் நின்று தட்டிப் பார்க்கும்போது தெரியாது.

மாமாவின் கருவியை இரண்டு வருடம் கழித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அங்கே பறக்கும் கூட்டாளி ஒருவருக்கு விற்றுவிட்டாராம், நல்ல விலைக்கு.